ஆளில்லாமல் ஓஎஸ் ஏற்றும்போது எங்கே நின்றது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

ஒரு லேப்பில் முப்பது கணினி இருந்தால் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் சொருகி, மொழி, நேரம், பார்ட்டிஷன், பயனர் பெயர் என்று அதே கேள்விக்கு அதே பதிலைத் தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, பழைய மெஷின்களில் அது கிடையாது. அதனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பயிற்சி மையங்களிலும் கல்லூரி லேப்களிலும் "டெபியனோ உபுண்டுவோ ஏதோ ஒண்ணப் போட்டுக் கொடுங்க, ஒரே நாள்ல முடியணும்" என்று இந்த இரண்டு லினக்ஸில் ஒன்றைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே நாளில் முடிய வேண்டுமென்றால் நெட்வொர்க் வழியாக பூட் செய்து, கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் வழி. ஓடினால் சுகம். பாதியில் நின்றால்தான் தலைவலி, ஏனென்றால் நிற்பதற்கு இதில் ஏகப்பட்ட இடம் இருக்கிறது.

நின்றவுடனே பலர் பதில் ஃபைலைத் திறந்து திருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடச் சொல்வேன். அந்த ஃபைல் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாமல் அதில் என்னத்தைத் திருத்துவது? மெஷின் முதலில் தன் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்ய மெஷினுக்குள்ளேயே இருக்கும் வசதி) வழியாக, ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி-யிடம் முகவரி கேட்கும், பிறகு பூட் ஃபைலை டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் கடத்தும் முறையில் இழுக்கும், லினக்ஸின் மையமான கெர்னலையும் அது எழத் துணையாக வரும் இனிட்ஆர்டி-யையும் எடுக்கும், அதற்கப்புறம்தான் பதில் ஃபைலை எச்டிடிபி-யில் கேட்கும், பிறகு பேக்கேஜ்கள் (ஏற்ற வேண்டிய மென்பொருள்கள்). ஒவ்வொரு படியும் சர்வர் லாக்கில் ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் போகும். கடைசியாக விழுந்த வரி எது என்று பார்த்தால் பிழை அதற்கு அடுத்த படியில் உட்கார்ந்திருக்கும். எனவே சர்வரில் இரண்டு டெர்மினலைத் திறந்து வையுங்கள்: ஒன்றில் டிஎச்சிபி-யையும் டிஎஃப்டிபி-யையும் ஓட்டும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளின் லாக் ('லாக்-டிஎச்சிபி' வரியை கான்ஃபிகில் சேர்த்திருக்க வேண்டும்), இன்னொன்றில் வெப் சர்வரின் ஆக்சஸ் லாக். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவை. தலைப்புகளில் அடைப்புக்குள் இருப்பவை திரையில் விழும் பிழை எண்கள். யூஇஎஃப்ஐ என்பது பழைய பயாஸுக்குப் பதிலாகப் புது மெஷின்களில் வரும் ஃபர்ம்வேர் (ஓஎஸ்ஸுக்கு முன் மெஷினை எழுப்பும் உள் மென்பொருள்).

முகவரியே வரவில்லை (பிஎக்ஸ்இ-இ51, யூஇஎஃப்ஐ மெஷினில் பிஎக்ஸ்இ-இ16)

லாக்கில் அந்த மெஷினின் மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 'டிஸ்கவர்' வரி விழுகிறதா? விழவே இல்லை என்றால் சர்வரை விடுங்கள், வயரைப் பாருங்கள். இ61 என்று வந்தால் அது நேரடியாகவே கேபிள் புகார். நம் ஊரில் உப்புக் காற்றில் ஆர்ஜே45 முனைகளும் சுவர் சாக்கெட்டின் ஊசிகளும் பச்சை பூத்துவிடும். லைட் எரியும், ஆனால் பாக்கெட் தொலையும். சுவர் சாக்கெட்டை விட்டுவிட்டு ஒரு புது பேட்ச் கேபிளை ஸ்விட்சிலிருந்து நேராக மெஷினுக்கு இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேபிள் நன்றாக இருந்தும், மெஷினை ஆன் செய்து முதல்முறை தோற்று, மெனுவிலிருந்து திரும்ப பூட் செய்தால் வேலை செய்கிறதா? அது ஸ்விட்சின் ஸ்பேனிங் ட்ரீ, கேபிள்கள் வளையமாகிவிடாமல் தடுக்கும் காவல். லிங்க் வந்த பிறகு போர்ட்டைத் திறக்கும் முன் அது 15 நொடி காது கொடுத்துக் கேட்கும், 15 நொடி யார் எங்கே என்று படிக்கும், ஆக அரை நிமிடம். அதற்குள் பிஎக்ஸ்இ அலுத்துப்போய் விட்டுவிடும். மெஷின்கள் இருக்கும் போர்ட்களில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரியாகிவிடும். மேனேஜ்டு (அமைப்புகளை மாற்ற முடிகிற) ஸ்விட்ச் இல்லாத சின்ன லேப்பில் இந்தத் தொல்லை வராது.

எந்த மெஷினிலிருந்தும் எதுவும் லாக்கில் விழவில்லை என்றால் டிஎன்எஸ்மாஸ்க் எழுந்ததா என்றே பாருங்கள். உபுண்டு சர்வரில் பெயரை ஐபி-யாக்கும் டிஎன்எஸ் வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு 53-ஆம் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், டிஎன்எஸ்மாஸ்க் அதே போர்ட்டுக்கு முட்டிவிட்டுப் படுத்துவிடும். நமக்கு அதன் டிஎன்எஸ் வேலையே வேண்டாம் என்பதால் கான்ஃபிகில் 'போர்ட்=0' போட்டால் போதும்.

முகவரி வந்தது, பூட் ஃபைல் பெயர் வரவில்லை (பிஎக்ஸ்இ-இ53)

இது கிட்டத்தட்ட எப்போதும் இரண்டு டிஎச்சிபி பிரச்சினை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரை இரண்டு ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டால் முதலில் பையை வாங்கியவரோடு போவதுபோல, பல ஃபர்ம்வேர்கள் முதலில் பதில் சொன்ன டிஎச்சிபி-யோடு போய்விடும். அந்த முதல் ஆள் இன்டர்நெட் ரவுட்டராக இருந்தால் முகவரி கொடுக்கும், பூட் ஃபைல் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பயிற்சி மையத்தில் இதைப் பார்த்தேன். ரவுட்டரின் டிஎச்சிபி-யை அணைத்தாகிவிட்டது, இருந்தும் வரிசையில் நாலு மெஷினுக்கு ஒன்று இ53 சொல்கிறது. திரையில் மெஷினுக்குக் கிடைத்த முகவரி 192.168.0-வில் ஆரம்பிக்கிறது, நம் சர்வர் கொடுப்பதோ 192.168.1. அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் போனால், கடைசி மேசைக்குப் பின்னால் ஒரு பழைய வைஃபை ரவுட்டர், யாரோ கைபேசிக்கு சிக்னல் வேண்டுமென்று அதன் லேன் போர்ட்டில் லேப் கேபிளைச் சொருகி வைத்திருக்கிறார்கள். எனவே திரையில் மெஷினுக்கு வந்த ஐபி-யையும், அதைக் கொடுத்த சர்வரின் ஐபி-யையும் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலும் நல்லது, அந்த வரி கண் சிமிட்டுவதற்குள் மறைந்துவிடும்.

ரவுட்டரின் டிஎச்சிபி-யை அணைக்க விடமாட்டார்கள், அல்லது கல்லூரி நெட்வொர்க், நம் கையில் இல்லை என்றால் டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள். 'டிஎச்சிபி-ரேஞ்ச்' வரியில் நெட்வொர்க் முகவரிக்குப் பின் 'ப்ராக்ஸி' என்று கொடுத்தால் முகவரியை ரவுட்டரே கொடுக்கும், பூட் விவரத்தை மட்டும் நம் சர்வர் சொல்லும். யாரோடும் சண்டை இல்லை. நான் இப்போதெல்லாம் வெளியிடங்களில் இதைத்தான் முதலில் போடுகிறேன்.

பெயர் தெரிந்தது, ஃபைல் இறங்கவில்லை (இ32, இ18, இ23, டி01)

இ32-வும் இ18-உம் பதிலே வரவில்லை என்கின்றன. அப்படியானால் ஃபயர்வால். டிஎஃப்டிபி யுடிபி 69-இல் ஆரம்பித்தாலும் ஃபைலை வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பும், அதனால் 69-ஐ மட்டும் திறந்துவிட்டுத் திருப்திப்பட முடியாது. டி01, இ23 இரண்டும் சர்வர் பதில் சொல்லிவிட்டது, ஆனால் 'இல்லை' என்று சொன்னது என்கின்றன. லாக்கில் எந்தப் பாதையைத் தேடியது என்று முழுதாக எழுதியிருக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து, ஃபைலை எல்லோரும் படிக்கும் அனுமதி, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம்: யூஇஎஃப்ஐ மெஷின் பூட் ஆகும்போது லாக்கில் 'யூசர் அபார்ட்டட் த டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு பிழை வரும். பயப்பட வேண்டாம். ஃபைலின் அளவைத் தெரிந்துகொள்ள ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தி, மறுபடி முழுதாக இழுக்கும். அடுத்த வரியில் 'சென்ட்' என்று இருந்தால் எல்லாம் நலம்.

ஃபைல் இறங்கியது, உடனே பயாஸ் மெனுவுக்குத் திரும்பிவிட்டது

தப்பான ஃபைல். பழைய பயாஸ் மெஷினுக்கு 'பிஎக்ஸ்இலினக்ஸ்.0' வேண்டும், யூஇஎஃப்ஐ மெஷினுக்கு '.இஎஃப்ஐ' ஃபைல் வேண்டும். ஒரே லேப்பில் இரண்டு வகையும் கலந்திருந்தால் டிஎச்சிபி-யிடம் கேட்கும்போது மெஷின் அனுப்பும் 93-ஆம் ஆப்ஷனைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: 0 என்றால் பயாஸ், 7 அல்லது 9 என்றால் 64-பிட் யூஇஎஃப்ஐ. 7-ஐ மட்டும் எழுதிவிட்டு 9-ஐ விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

'செக்யூரிட்டி வயலேஷன்' என்று சிவப்புப் பெட்டி வந்தால் செக்யூர் பூட், டிஜிட்டல் கையெழுத்துள்ள பூட் ஃபைலை மட்டும் விடும் காவல். கையெழுத்தில்லாத ஐபிஎக்ஸ்இ என்ற பூட் புரோகிராமை அது உள்ளே விடாது. டெபியன் நெட்பூட் தொகுப்பில் வரும் 'பூட்நெட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்பது கையெழுத்திட்ட ஷிம் என்ற முதல்படி பூட் ஃபைல்தான், அதைக் கொடுங்கள். அது தன் பக்கத்திலேயே 'க்ரப்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற பெயரில் அடுத்த ஃபைலைத் தேடும், கெர்னலை ஏற்றும் க்ரப் அதுதான், பெயரை மாற்றிவிடாதீர்கள். செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபம்தான், முப்பது மெஷினிலும் கையால் போய் அணைக்கத் தயாராக இருந்தால்.

கெர்னல் வந்தது, பிறகு நெட்வொர்க் காணாமல் போனது

பிஎக்ஸ்இ-யில் வேலை செய்த அதே கார்டு லினக்ஸ் உள்ளே வந்ததும் தெரியாமல் போவது விநோதமாகத் தோன்றும். இதுவரை ஃபர்ம்வேரின் டிரைவர் ஓட்டியது, இனி கெர்னலின் டிரைவர் ஓட்ட வேண்டும். சில ப்ராட்காம் கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் ஃபைல் தேவை. 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து ஐஎஸ்ஓ-வில் அது சேர்ந்தே வருகிறது, ஆனால் நெட்பூட் இனிட்ஆர்டி-யில் இல்லை. சிபிஐஓ வடிவில் வரும் ஃபர்ம்வேர் தொகுப்பை அதன் வாலில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

'கெர்னல் மாட்யூல்கள் இல்லை' என்று டெபியன் நின்றால் சர்வரில் வைத்திருக்கும் நெட்பூட் ஃபைல்கள் பழசாகிவிட்டன. பேக்கேஜ் இறங்கும் மிரர் சர்வரில் புதுக் கெர்னல் வந்துவிட்டது, இரண்டும் பொருந்தவில்லை. நெட்பூட் தொகுப்பைப் புதிதாக இறக்கி மாற்றினால் முடிந்தது. போன மாதம் ஓடியது இந்த மாதம் ஓடவில்லை, யாரும் எதையும் தொடவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான்.

உபுண்டு சர்வரை நெட்வொர்க்கில் பூட் செய்தால் முழு ஐஎஸ்ஓ-வையும் ராமில் இறக்கிக்கொள்ளும், அது 2 முதல் 3 ஜிபி. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் மூச்சு முட்டி, இடமில்லை என்றோ கெர்னல் பேனிக் என்றோ படுத்துவிடும். பதில் ஃபைலில் என்ன எழுதினாலும் இது தீராது. ராம் குறைந்த மெஷின்களுக்கு டெபியன் போட்டுவிடுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி லேப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அடிக்கடி கூப்பிடுவார். "அண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா மொழி கேக்குதுண்ணே." நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "ஆக்சஸ் லாக்ல அந்த மெஷின் ஃபைலக் கேட்டுதாப்பா?" கேட்கவில்லை என்றால் பிழை பூட் வரியில், அதாவது கெர்னலுக்குக் கட்டளைகள் கொடுக்கும் கெர்னல் வரியில். கேட்டு 404 ('ஃபைல் இல்லை') வாங்கியிருந்தால் பாதையில். 200 ('கிடைத்தது') வாங்கியிருந்தால் மட்டும் ஃபைலைத் திறங்கள்.

உபுண்டுவில் ஃபைலைக் கேட்கவே இல்லை என்றால் பத்துக்கு எட்டுத் தடவை ஒரு அரைப்புள்ளிதான் காரணம். பதில் ஃபைல் எங்கே என்று சொல்லும் 'டிஎஸ்=நோக்ளவுட்' என்பதற்குப் பின்னால் வரும் அரைப்புள்ளியை க்ரப் கட்டளையின் முடிவு என்று எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். அந்தப் பகுதி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்கட்டும். பதில் ஃபைலான 'யூசர்-டேட்டா'வோடு 'மெட்டா-டேட்டா' என்ற ஃபைலும் இருக்க வேண்டும், காலியாக இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். 'தொடரட்டுமா, யெஸ் ஆர் நோ' என்று மட்டும் கேட்டு நின்றால் கெர்னல் வரியில் 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற சொல் விடுபட்டிருக்கிறது. டிஸ்க்கைத் தெரியாமல் அழித்துவிடக் கூடாதே என்று வைத்த பாதுகாப்பு அது.

ஃபைலை வாங்கியும் கண்டுகொள்ளவில்லையா? முதல் வரி '#க்ளவுட்-கான்ஃபிக்' என்று இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். # குறிக்குப் பின் ஒரு இடைவெளி விழுந்தால் அது வெறும் குறிப்பு வரி ஆகிவிடும். இந்த ஃபைல் யாம்ல் என்ற வடிவில் எழுதுவது, அதில் டேப் கூடாது, ஸ்பேஸ்தான். பாஸ்வேர்டை ஹேஷ் செய்துதான் (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) எழுத வேண்டும், நேராக எழுதினால் இன்ஸ்டால் அழகாக முடியும், லாகின் மட்டும் ஆகாது. லாகின் ஆகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: கீபோர்டைத் தமிழ் மட்டும் என்று வைத்துவிட்டால் பாஸ்வேர்டும் தமிழ் எழுத்தாகவே விழும். ஆங்கிலத்தை முதலில் வைத்து, தமிழை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெபியனின் பதில் ஃபைலான ப்ரிசீடில் கதை வேறு. மொழியும் நாடும் கீபோர்டும் நெட்வொர்க் எழும் முன்பே கேட்கப்படுபவை. நெட்வொர்க்கிலிருந்து வரும் ஃபைலில் அவற்றுக்குப் பதில் எழுதி என்ன பயன்? கெர்னல் வரியில் 'ஆட்டோ=ட்ரூ', 'ப்ரையாரிட்டி=கிரிட்டிகல்' இரண்டையும் கொடுத்தால் அந்தக் கேள்விகளை நெட்வொர்க் வந்த பிறகுக்குத் தள்ளிவைக்கும். ஹோஸ்ட்நேம், டொமைன் இரண்டையும் அதே வரியிலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் 'இன்டர்ஃபேஸ்=ஆட்டோ'.

பாதியில் வரும் கேள்விக்கு வழக்கமான குற்றவாளிகள்: பழைய எல்விஎம் (லினக்ஸின் ஒரு டிஸ்க் பிரிப்பு முறை) பார்ட்டிஷனை அழிக்கவா என்பது, பயாஸ் முறையில் முன்பு ஏற்றிய டிஸ்க்கில் யூஇஎஃப்ஐ-யாகப் போடவா என்பது, க்ரப்பை எந்த டிஸ்க்கில் போட என்பது. மூன்றுக்கும் ப்ரிசீடில் வரி உண்டு. எந்தக் கேள்வி என்று பெயர் தெரியவில்லையா? கெர்னல் வரியில் 'டெப்கான்ஃப்_டீபக்=5' சேர்த்து பூட் செய்து, கேள்வி வந்ததும் ஆல்ட்+எஃப்4 அழுத்தினால் லாக்கில் அதன் பெயர் அச்சாகியிருக்கும், அதை அப்படியே எடுத்து எழுதலாம். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது: ப்ரிசீடில் வகைக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் இருக்க வேண்டும், கூடுதலாக விழுந்தால் அது மதிப்பின் பகுதி ஆகிவிடும். இணையத்திலிருந்து காப்பி அடித்த ஃபைல்களில் இது சகஜம். 'டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ்' கட்டளையை '-சி' போட்டு ஓட்டினால் வடிவப் பிழைகளை மட்டும் சொல்லும், இடைவெளியை நம் கண்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் இல்லை என்கிறது, அல்லது தப்பான டிஸ்க்கைப் பிடிக்கிறது

பதில் ஃபைலில் டிஸ்க்கின் பெயரை 'எஸ்டிஏ' என்று எழுதியிருப்பீர்கள், புது மெஷினில் அது 'என்விஎம்இ0என்1'. அதைவிட மோசம், பென் டிரைவ் சொருகியிருந்தால் அதுவே எஸ்டிஏ ஆகிவிடுவது. பெயரை நம்பாதீர்கள். டெபியனில் 'எர்லி_கமாண்ட்' வழியாக டிஸ்க்கைக் கண்டுபிடித்து ஊட்டலாம், புதிய உபுண்டுவில் 'பெரிய டிஸ்க்' என்று அளவை வைத்தே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் மெஷின்களில் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் காரணம் விஎம்டி, டிஸ்க்கைக் கையாளும் இன்டெல்லின் ஒரு முறை. பயாஸில் அதை அணைக்கலாம், அல்லது இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பதில் ஃபைலின் விண்டோஸ்பிஇ எனப்படும் முதல் கட்டத்தில் பாதையோடு கொடுக்கலாம்.

விண்டோஸ் மட்டும் தனி வழக்கு

பென் டிரைவின் வேர் ஃபோல்டரில் விண்டோஸின் பதில் ஃபைலான 'ஆட்டோஅன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல்' இருந்தும் கண்டுகொள்ளவில்லையா? ஃபைலின் பின்னொட்டை விண்டோஸ் மறைத்து வைக்கும் பழக்கத்தால் அது உண்மையில் '.எக்ஸ்எம்எல்.டிஎக்ஸ்டி' ஆக இருக்கலாம். எடுத்துக்கொண்டும் சில பகுதிகளை மட்டும் தாண்டிப் போனால் அந்தப் பகுதியில் ஆர்க்கிடெக்சர் 'எக்ஸ்86' என்று இருக்கிறதா பாருங்கள், 64-பிட்டுக்கு 'ஏஎம்டி64' வேண்டும், இன்டெல் சில்லு என்றாலும் அதேதான். உரிம ஒப்பந்தத்தைக் காணோம் என்று நின்றால் ப்ராடக்ட் கீயும் எடிஷனும் பொருந்தவில்லை. ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும், பேன்தர் ஃபோல்டரில் 'செட்அப்எர்ர்' லாக்கைப் படியுங்கள். டிஸ்க் ஃபார்மட் ஆகும் முன் அது எக்ஸ் டிரைவில் இருக்கும்.

பேக்கேஜ் இறங்கும்போது நின்றது

'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றால் மெஷினின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பழைய மெஷினில் சிஆர்2032 பேட்டரி செத்துப்போய் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கல்லூரி ஃபயர்வால், நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி-யின் 123-ஆம் போர்ட்டை மூடியிருந்தால் தானாகவும் திருத்திக்கொள்ளாது. எச்டிடிபிஎஸ் சான்றிதழும் இதே காரணத்தால் தோற்கும். முப்பது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுங்கள், பெரிய காசில்லை.

நிற்கவில்லை, ஊர்கிறது என்றால் சர்வரின் லிங்க் வேகத்தைப் பாருங்கள். நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று கெட்டால்கூட ஜிகாபிட் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அதாவது நொடிக்கு 12 எம்பி சொச்சம். அதில் பத்து மெஷின் ஒரே நேரத்தில் 3 ஜிபி ஐஎஸ்ஓ-வை இழுத்தால் அதற்கே முக்கால் மணி நேரம். பேக்கேஜ்களுக்கு சர்வரிலேயே ஆப்ட்-கேச்சர்-என்ஜி ஓட்டி, 3142 போர்ட்டை ப்ராக்ஸியாகக் கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜும் வெளியிலிருந்து ஒருமுறைதான் இறங்கும்.

முடிந்து ரீபூட் ஆகி, மறுபடி முதலிலிருந்து ஏற்றுகிறது

பயாஸில் நெட்வொர்க் பூட் முதலிடத்தில் இருக்கிறது, சர்வரின் இயல்பு மெனு 'இன்ஸ்டால்' என்று இருக்கிறது. இது ஆபத்தானது. அதே ஸ்விட்சில் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று மின்வெட்டுக்குப் பின் நெட்வொர்க்கில் எழுந்தால் அதன் டிஸ்க்கும் கேள்வி முறையில்லாமல் அழிந்துவிடும், உள்ளே கட்டணக் கணக்கு இருந்தாலும் சரி. அதனால் இயல்பு மெனு எப்போதும் 'உள் டிஸ்க்கிலிருந்து பூட்' என்றுதான் இருக்க வேண்டும். ஏற்ற வேண்டிய மெஷின்களுக்கு மட்டும் அவற்றின் மேக் முகவரியில் தனி ஃபைல் வையுங்கள். பிஎக்ஸ்இலினக்ஸ் '01-' என்று ஆரம்பித்துச் சின்ன எழுத்தில் கோடு போட்ட மேக் பெயரைத் தேடும், இல்லையென்றால் ஐபி-யை ஹெக்ஸில் தேடும் (192.168.1.25 என்றால் சி0ஏ80119), பின் ஒவ்வொரு எழுத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில்தான் 'டிஃபால்ட்'. மேக் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்தால் கண்டுகொள்ளாது.

இன்ஸ்டால் முடியும் கட்டத்தில் 'லேட்_கமாண்ட்' வழியாக சர்வரின் ஒரு முகவரியைத் தட்டவைத்து, அந்த மேக் ஃபைலை அங்கே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அழித்துவிடும்படி செய்யலாம். ஆக்சஸ் லாக்கில் அந்த வரி விழுந்தால் மெஷின் முழுதாக முடித்துவிட்டது என்று அர்த்தம், எழுந்து போய்த் திரையைப் பார்க்கவே வேண்டாம். கடைசி மெஷினும் வந்து சேர்ந்ததும் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்தி, சர்வர் ரீபூட் ஆனாலும் தானாக எழாதபடி டிசேபிள் செய்துவிட்டு சாவியைக் கொடுங்கள்.